இளைஞர் மன்றத்தைப் பேரிடர் வேலைக்குத் தயார் செய்வது எப்படி? ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

வெள்ளமோ நிலநடுக்கமோ வந்த மறுநாள் எல்லா இளைஞர் மன்றங்களும் கூடிவிடுகின்றன. யாரோ ஒருவர் வண்டி ஏற்பாடு செய்கிறார், வீடு வீடாகப் போய்க் கிடைத்ததை வாங்கி ஏற்றுகிறார்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த மனசை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி போய்ச் சேரும் நேரத்துக்குள் உயிர் பிழைக்க வேண்டியவர்கள் பிழைத்திருப்பார்கள், மற்றவர்கள் போயிருப்பார்கள்.

1995 ஜனவரி 17 அன்று அதிகாலையில் ஜப்பானின் கோபே பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களை வெளியே எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். பக்கத்து அவாஜி தீவில் ஹொக்குதான் என்ற சிற்றூர் இருந்தது. அங்கே உள்ளூர்த் தீயணைப்புத் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார் என்பது வரை தெரியும். அதனால் எங்கே தோண்ட வேண்டும் என்று யோசித்து நிற்க வேண்டியிருக்கவில்லை, சிக்கியவர்களை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். மன்றத்தில் சேரும் புதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். உங்கள் மன்றத்தால் செய்ய முடிந்த மிகப் பெரிய வேலை, எதுவும் நடக்காத சாதாரண நாட்களில் உங்கள் தெருவை இந்த அளவுக்குத் தெரிந்து வைத்துக்கொள்வது.

முதலில் நோட்டுப் புத்தகம்

மன்றத்தில் இருபது பேர் இருந்தால் இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒரு ஜோடிக்குப் பதினைந்து வீடு போதும், அதற்கு மேல் கொடுத்தால் கடைசி ஐந்து வீட்டை அவசரமாக முடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதிரி எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாகப் போனால் நல்லது, சில விஷயங்களை வீட்டுப் பெண்கள் இன்னொரு பெண்ணிடம்தான் சொல்வார்கள்.

"வீட்டில் எத்தனை பேர்" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் அது கணக்கெடுப்பு. நமக்கு வேண்டியது வேறு. ஒரு நல்ல பக்கம் இப்படி இருக்கும்:

"14ஆம் எண், மாடி. பாட்டி, வயது 78, படி இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும், காது சரியாகக் கேட்காது, இடது பக்கம் நின்று பேச வேண்டும். இன்சுலின் ஃப்ரிட்ஜில். மகள் செவ்வாய், வியாழன் இரவு வேலைக்குப் போய்விடுவார். நாய் ஒன்று உண்டு, அதை விட்டுவிட்டுப் பாட்டி வர மாட்டார். சாவி எதிர்வீட்டில்."

இதைப் படித்துவிட்டு ஒரு புதுப் பையன்கூட ராத்திரி இரண்டு மணிக்கு அந்த மாடிப்படி ஏறிவிடலாம். இரண்டு பேராகப் போவான், நாய்க்குக் கயிறு எடுத்துப் போவான், இடது பக்கம் நின்று பேசுவான். மின்சாரம் போனால் இன்சுலின் என்ன ஆகும் என்றும் யோசிப்பான்.

எழுதுவதற்கு முன்னால் ஒப்புதல் கேளுங்கள். எதற்காக எழுதுகிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போனால் பலர் சம்மதிப்பார்கள். எழுதியதை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது, படமெடுத்து அனுப்பவும் கூடாது. யார் தனியாக இருக்கிறார், சாவி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு பிரதி போதும். ஒன்று மன்றத்தில் பூட்டிய பெட்டியில், இன்னொன்று மேடான இடத்தில் இருக்கும் ஒரு பொறுப்பாளர் வீட்டில், நெகிழி உறைக்குள். பென்சிலால் எழுதுங்கள்: நனைந்தால் மை கரையும், பென்சில் நிற்கும், திருத்துவதும் சுலபம். வருடத்துக்கு இரண்டு முறை திரும்பப் போய்ச் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்துவிட்டுப் போனவர்களைத் தேடி ஆட்கள் தண்ணீரில் நடப்பார்கள்.

யார் என்ன செய்யலாம்

பதினெட்டு வயது ஆகாதவர்களை ஓடும் தண்ணீரில் இறக்காதீர்கள், இடிபாடுகளுக்குள் அனுப்பாதீர்கள், உடல்களை எடுக்கும் வேலை அவர்கள் கண்ணில் படவே வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. "நான் நல்லா நீந்துவேன் அண்ணா" என்று வந்து நிற்பார்கள். ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே பெரிய ஆளின் காலை வாரிவிடும், 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான வண்டிகளையே அடித்துக்கொண்டு போகும். நீச்சல் குளத்தில் நீந்துவது வேறு. பெரியவர்களிலும் முறையாகப் பயிற்சி பெற்று, கயிறும் மிதவைச் சட்டையும் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் மீட்புப் பக்கம் போகலாம்.

அதற்காகச் சின்னவர்களால் ஒன்றும் முடியாது என்று நினைக்க வேண்டாம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் கமாய்ஷி நகரில் நடந்தது இதற்குச் சாட்சி. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுனாமி பற்றிப் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்து வந்தார் பேராசிரியர் தொஷிதாகா கதாதா. வரைபடத்தில் போட்டிருக்கும் பாதுகாப்பு எல்லையை அப்படியே நம்பிவிடாதே, அந்த நேரத்தில் உன்னால் முடிந்த அளவுக்கு மேலே போ, யாருக்கும் காத்திராமல் முதல் ஆளாக நீ கிளம்பு. அவர் சொல்லிக்கொடுத்ததன் சாரம் இவ்வளவுதான். நிலம் அதிர்ந்ததும் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் கிளம்பினார்கள், வழியில் பெரிய பிள்ளைகள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கூட வேண்டிய இடம் என்று முன்பே குறித்திருந்த இடத்துக்கு வந்தும் அது போதாது என்று பட்டதால் இன்னும் மேலே ஏறினார்கள். அன்று பள்ளிகளில் இருந்த ஏறத்தாழ மூவாயிரம் பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

முதலில் ஓடுவது கோழைத்தனம் இல்லை, நீங்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் தெரு கிளம்பும். இதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்த வீட்டுக்கே சொல்லிக்கொடுத்த மாதிரி.

மற்றபடி செய்தி கொண்டுபோக, பதிவேடு எழுத, முகாமில் சின்னக் குழந்தைகளை விளையாட வைக்க, பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க என்று இளையவர்களுக்கான வேலை எக்கச்சக்கம். வெளியே வரவே முடியாதவர்களுக்கும் வேலை உண்டு. 2010இல் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகர் போர்ட்டோ பிரின்ஸுக்கு விவரமான வரைபடமே இல்லாத நிலை. உலகம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத் தெருவாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடத்தில் வரைந்தார்கள். சில நாட்களிலேயே மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைப் பயன்படுத்த ஆரம்பித்தன. சக்கர நாற்காலியில் இருக்கும் உறுப்பினரை "நீ வீட்டிலேயே இரு" என்று ஒதுக்காமல் உங்கள் ஊரின் சந்துகளையும் கிணறுகளையும் மேட்டு வழிகளையும் இப்போதே வரையச் சொல்லுங்கள்.

கை பழக வேண்டியவை

முதலுதவியைக் காணொளி பார்த்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. செஞ்சிலுவைச் சங்கமோ செம்பிறைச் சங்கமோ உங்கள் பகுதியில் பெரும்பாலும் இருக்கும், போய்க் கேளுங்கள், பயிற்சி தருவார்கள். இதயம் நின்றுபோனவருக்குச் செய்வதுபோல், பயிற்சிப் பொம்மையின் மார்பில் கையை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும், அப்போதுதான் ஆள் மாற்றி ஆள் செய்வது ஏன் என்று புரியும்.

வெள்ளத்தில் தப்பித்தவர்களுக்கு அப்புறம் வயிற்றுப்போக்கு வரும் ஆபத்து உண்டு, அதனால் தண்ணீர் வேலையை எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைக்க முடிந்தால் அதுதான் நல்லது. முடியாதபோது, வாசனை சேர்க்காத வீட்டு உபயோக ப்ளீச் திரவம், அதில் குளோரின் அளவு 5 முதல் 6 சதவீதம் என்று புட்டியில் போட்டிருந்தால், தெளிந்த தண்ணீரில் லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி 30 நிமிடம் வைக்க வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் சுத்தமான துணியில் வடிகட்டுங்கள், அப்புறம் 4 சொட்டு. அரை மணி கழித்து லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும், வரவில்லையென்றால் இன்னொரு முறை அதே அளவு விட்டுக் கால் மணி காத்திருங்கள். வயிற்றுப்போக்கில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குச் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலை தட்டிய அளவு. உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து, அதனால் கண் அளவில் போடுகிறவர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

தனிக்காட்டு ராஜாவாகப் போகாதீர்கள்

உங்கள் பகுதியில் பேரிடர் பொறுப்பு எந்த அலுவலகத்தில், எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்று இப்போதே கண்டுபிடியுங்கள். நேரில் போய் "எங்களிடம் இத்தனை பேர், இன்னது தெரியும், இன்னது தெரியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தெரியாததைச் சொல்வதுதான் முக்கியம், அப்போதுதான் உங்களை நம்பி வேலை கொடுப்பார்கள். "சின்னப் பசங்க நீங்க, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று யாராவது கேட்டால் கோபப்படாமல் எடுத்துச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. 2015இல் ஐ.நா. உறுப்பு நாடுகள் பேரிடர் அபாயத்தைக் குறைக்க ஏற்றுக்கொண்ட செண்டாய் கட்டமைப்பிலேயே குழந்தைகளும் இளைஞர்களும் மாற்றத்தைக் கொண்டுவருபவர்கள், அவர்கள் பங்களிக்க இடம் தரப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2016இல் இஸ்தான்புல் உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில் இதற்கென்றே தனி உடன்பாடும் வந்தது.

எந்த வேலையை எடுத்துக்கொள்வது என்று குழப்பமாக இருந்தால் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மாணவர்களைப் பாருங்கள். 2010 செப்டம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் வந்த நிலநடுக்கங்களில் மண் கூழாகி நிலத்துக்கடியிலிருந்து பொங்கி வீடுகளையும் தெருக்களையும் மூடியது. சாம் ஜான்சன் என்ற மாணவர் ஃபேஸ்புக் வழியாகக் கூப்பிட, ஆயிரக்கணக்கான மாணவர்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இடிபாடுகளுக்குள் ஆள் தேடும் வேலையைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு, வீட்டு முற்றங்களில் குவிந்த சேற்றை அள்ளினார்கள். வயதானவர்கள் தாங்களாக வாரங்கணக்கில் அள்ளினாலும் தீராத சேறு அது. யாராலும் செய்ய முடியும், ஆனால் நிறையக் கை வேண்டும் என்கிற வேலைதான் இளைஞர் அமைப்புக்கு ஏற்றது. மாணவர் தன்னார்வலர் படை என்ற பெயரில் அந்த அமைப்பு அதற்குப் பிறகும் நீடித்தது.

நடந்துவிட்டது, இப்போது என்ன?

முதலில் உங்கள் வீடு, உங்கள் குடும்பம். அது பாதுகாப்பு என்று தெரிந்த பிறகே மன்ற வேலை, இதைச் சொல்லிக்கொள்ள யாரும் கூச்சப்பட வேண்டாம். அப்புறம் முன்பே பேசிவைத்த இடத்தில் கூடுங்கள். போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதி, ஜோடி பிரித்து, நோட்டுப் புத்தகத்தின்படி உதவி அவசரமாகத் தேவைப்படும் வீடுகளுக்கு முதலில் போங்கள்.

மேலே அனுப்பும் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் குழம்புகிறது. "அந்தப் பக்கம் நிறையப் பேர் மாட்டிக்கிட்டாங்களாம், உடனே உதவி தேவை" என்று ஒரு செய்தி கிளம்பினால் அது மூன்று நாள் சுற்றும், மீட்கப்பட்ட பிறகும் சுற்றும், படகு வீணாகப் போய்த் திரும்பும். இடம், எத்தனை பேர், என்ன தேவை, பார்த்த நேரம், நேரில் பார்த்தவர் பெயர், இந்த ஐந்தும் இல்லாத செய்தியை உங்கள் மன்றத்திலிருந்து யாரும் அனுப்பக் கூடாது. வேலை முடிந்ததும் "முடிந்தது" என்று இன்னொரு செய்தி போட வேண்டும். ஒருவருக்கு இது மட்டுமே வேலை என்று கொடுத்துவிடுங்கள்.

பொருள் கொடுப்பது

கேட்காமல் எதையும் சேகரிக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு முகாமின் வாசலில் பழைய துணி மூட்டைகள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. மழையில் நனைந்து பூசணம் பிடித்து நாறின, அவற்றை அப்புறப்படுத்தவே எங்களில் ஆறு பேர் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டோம். உள்ளே பெண்கள் எங்கள் குழுத் தங்கையிடம் தனியாகக் கேட்டது உள்ளாடை, சானிட்டரி நாப்கின், ஊக்கு, டார்ச். டார்ச் எதற்கு என்று அவள் கேட்டபோது, கழிப்பறைக்கு இருட்டில் நடக்கப் பயமாக இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாளும் இல்லை என்றார்கள். மறுநாள் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டோம், வழியில் விளக்கு மாட்டினோம். அந்த முகாமில் நாங்கள் செய்ததிலேயே பெரிய உதவி அந்தத் தாழ்ப்பாள்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மன்றத்தில் பெண்கள் இல்லையென்றால் அது எங்கள் காதுக்கே வந்திருக்காது.

முகாமில் எவ்வளவு போதும் என்பதற்கு ஸ்பியர் என்ற சர்வதேச அளவுகோல் இருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தலைக்கு 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம். முதல் நாட்களில் கழிப்பறைக் கணக்கு 50 பேருக்கு ஒன்று என்று இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் குரல் கொடுங்கள். "கழிப்பறை பத்தலை" என்று முறையிடுவதைவிட "300 பேருக்கு 3 இருக்கிறது, இப்போதைக்கு இன்னும் 3 வேண்டும்" என்று சொன்னால் அதிகாரிக்கும் வேலை சுலபம்.

பொருள் கொடுக்கும்போது முந்தின நாளே டோக்கன் கொடுத்துவிடுங்கள். முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரர், மாற்றுத்திறனாளி இவர்களுக்குத் தனி வரிசையும் உட்கார இடமும் வேண்டும், வர முடியாதவருக்கு வீட்டுக்கே போக வேண்டும். யார் எந்தச் சாதி, எந்த மதம், யாருக்கு ஓட்டுப் போட்டார் என்ற பேச்சே கூடாது. வாங்குகிறவர் முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள். கை நீட்டி நிற்கும் படத்தை அவர் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பார்க்க நேரும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் மூட்டையைப் படமெடுங்கள், பதிவேட்டைக் காட்டுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கடினமான விஷயம். நிவாரணப் பொருள் கையில் இருப்பவருக்கு அதிகாரம் வந்துவிடுகிறது, அதை வைத்துத் தவறாக நடப்பவர்கள் எந்த அமைப்பிலும் நுழையலாம். குழந்தைகளோடு யாரும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும். பெற்றோரைத் தொலைத்த குழந்தையைப் பாசத்தில் யாரும் வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது, "நான் மாமா" என்று வருபவரிடம் ஒப்படைக்கவும் கூடாது, குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். புகார் சொல்ல மன்றத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் எண்ணை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவையுங்கள்.

பேச்சும் ஓய்வும்

இழந்தவர் பக்கத்தில் உட்காரும்போது என்ன பேசுவது என்று பலர் பயப்படுகிறார்கள். அதிகம் பேச வேண்டாம். நிலைமையைக் கவனி, காது கொடு, தேவையான உதவியோடு கோத்துவிடு, உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி வழிகாட்டி இந்த மூன்றைத்தான் கேட்கிறது. "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கிளறாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். "உயிராவது மிஞ்சியதே" என்று சொல்லவே சொல்லாதீர்கள். தொலைந்த அண்ணனின் பெயரை எந்தப் பட்டியலில் தேடலாம் என்று தெரிந்துகொண்டு, கூடவே போய் நில்லுங்கள்.

உங்கள் ஆட்களையும் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வைக்காதீர்கள், "எனக்கு ஒன்றுமில்லை" என்று மூன்றாம் நாளும் தூங்காமல் நிற்பவரைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ராத்திரி வேலை முடிந்ததும் பத்து நிமிடம் வட்டமாக உட்காருங்கள், பேச விரும்புகிறவர் பேசட்டும். சில வாரம் ஆகியும் தூக்கம் வராமல், கண்டதே கண்முன் வந்துகொண்டிருந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு

கேமராக்கள் போய்விடும், வண்டிகள் வருவது நின்றுவிடும். வீட்டுப் பத்திரம் நனைந்தவர், சான்றிதழ் தொலைத்த மாணவர், இழப்பீட்டு மனு எழுதத் தெரியாதவர் எல்லாம் அப்போதுதான் தவிப்பார்கள். உங்கள் மன்றம் அடுத்த மூன்று மாதத்துக்கு வாரம் ஒருநாள் மேசை போட்டு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால் போதும். வந்த பணம், போன பணம் இரண்டையும் ஒரு தாளில் எழுதி மன்றக் கதவில் ஒட்டுங்கள், யாரும் கேட்பதற்கு முன்பே.

ஒரு மாதத்துக்குள் எல்லோரும் கூடி, எந்த வீட்டுக்குத் தாமதமாகப் போனோம், ஏன் என்று நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே பேசுங்கள். அந்தந்தப் பக்கத்தில் அங்கேயே திருத்துங்கள். அடுத்த ஒத்திகைக்கும் அன்றைக்கே தேதி குறித்துவிடுங்கள். இந்த முறை பகலில் வேண்டாம், ராத்திரி வையுங்கள், போனை எல்லாம் அணைத்துவிட்டு, கையில் டார்ச்சும் நோட்டும் மட்டும் எடுத்துக்கொண்டு, முன்பே சொல்லிவைத்த ஐந்து வீடுகளுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.